ஞானேஸ்வரியின் காஸ் குழாய்

சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியைக் குழாயின் பொருத்தில் ஒற்றிவிட்டு, ஞானேஸ்வரி குந்தியிருந்து பார்க்கிறார். குமிழி வந்தால் காஸ் கசிகிறது. வராவிட்டால் அடுத்த பொருத்து. நெடுங்கேணிக்கு வெளியே, அவருடைய மாட்டுப்பட்டிச் சாணத் தொட்டியில் உண்டாகும் காஸ், இந்தக் குழாய் வழியாக மூன்று அயல்வீட்டுக் குசினி அடுப்புகளுக்குப் போகிறது.

வயது ஐம்பத்து மூன்று. ஐந்து வயதில் பெற்றோரோடு மலையகத்திலிருந்து வந்தவர். மாடுகளைவிடக் குழாயோடுதான் அதிகம் பேசுவார். "நேற்று நல்லாத்தானே இருந்தனி, இண்டைக்கென்ன?"

குழாய் எங்கே உடைந்தது என்பதைவிட, யார் முதலில் கண்டார் என்பதே அவர் கவலை. தானே கண்டால் சேதமில்லை. அயல்வீட்டார் கண்டால் ஒரு கிழமைக்குச் சிரித்துக் கதைத்துச் சரிப்படுத்தவேண்டும். சந்தித் தேத்தண்ணிக் கடை முதலில் அறிந்தால்?

"பிறகு ஒருத்தரும் புதுசாக் குழாய் கேக்கமாட்டினம்."

போன மாதம் பக்கத்துக் காணியை உழவந்த பிரசாந்தனின் உழவு மெசின் குழாயை அறுத்துவிட்டது. அந்நேரம் பார்த்து, காஸ் போகும் மூன்று வீடுகளில் ஒன்றான செல்வநாயகம் வீட்டில் மகளைப் பெண்பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். குசினியில் அடுப்பு அணைந்தது. யன்னலால் அழுகிய முட்டை மணம் நுழைந்தது. மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாராம்.

ஞானேஸ்வரி தொட்டியடி வால்வைப் பூட்டிவிட்டு, சேற்றுக் காலோடு அந்த முற்றத்துக்கு ஓடினார். பின்னால் வந்த பிரசாந்தன் தலைகுனிந்து நின்றான். பழியை அவன்மேல் போட்டிருக்கலாம்.

"மணம் இந்த வீட்டுக்குள்ளயில்லை, என்ர குழாயில. ஆழமாப் புதைக்காமல் விட்டது நான்தான்."

பிறகு கைகால் கழுவி, விறகு மூட்டி, தானே தேத்தண்ணி போட்டார். மாப்பிள்ளையின் தாய் இரண்டாம் கோப்பையும் வாங்கிக் குடித்தார். போகும்போது தொட்டியைப் பார்க்கவேண்டும் என்றார். சம்பந்தமும் பொருந்தியது.

மறுநாள் காலை ஞானேஸ்வரியும் பிரசாந்தனும் குழாயை முழங்கால் ஆழத்தில் புதைத்தார்கள். ஆனால் கதை அதற்குள் சந்திக்குப் போய்விட்டது: அவருடைய காஸில் போடும் தேத்தண்ணி சாணி மணக்குமாம்.

மண்வெட்டியை வைத்த கையோடு கடைக்குப் போனார். ஆட்கள் நிறைந்த வாங்கில் இடம்பிடித்துக் குந்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் தானே சொன்னார். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போன இடத்தில் கடையே சிரித்தது. கடைக்கார இளையதம்பி விறகடுப்பில் போட்ட தேத்தண்ணி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். ஞானேஸ்வரி அதை மூக்கடியில் பிடித்து, கண்ணை மூடி, ஆற அமர மணந்து பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்து, "இதுவும் சாணி மணக்குது" என்று கோப்பையை இளையதம்பியிடமே திருப்பி நீட்டினார்.