ஆட்டை நடக்க வைத்த சாஃப்ட்வேர்

போன வாரம் காலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. படங்களை அசைய வைக்க நான் இத்தனை வருடமாக நம்பியிருந்த சாஃப்ட்வேரை இனி நிறுத்தப் போகிறார்களாம். கூடவே என் ஆதரவுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். இந்தத் துக்கத்தைத் திண்டுக்கல்லில் யாரிடம் போய்ச் சொல்வது? பால் வாங்கப் போன இடத்தில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப இனிமே ஓசியா கெடைக்குமா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, செம்பட்டியில் இருக்கும் அமலாவைக் கூப்பிட்டேன். அவளும் என் தொழில்தான்.

"பாத்தேண்ணே," என்றாள். அப்புறம் சாவு வீட்டில் துட்டி கேட்கிறவர்கள் மாதிரி, எப்போது வந்தது, எப்படி வந்தது என்று மாறி மாறி விசாரித்துக்கொண்டோம். நடுவில் அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"கறியா?"

"ஆமாண்ணே."

கறி என்றதும் எனக்கு அந்த ஆடு ஞாபகம் வந்துவிட்டது.

அமலாவும் நானும் முதலில் வேலை பார்த்தது ஒரு உள்ளூர் கேபிள் சேனலில். கீழே பிரியாணிக்கடை, மேலே நாங்கள். தம் உடைத்ததும் சீரகச் சம்பா வாசம் படியேறி வந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொள்ளும். பழுது பார்க்க வந்தவர் பெட்டியைக் கழற்றினார், மோந்து பார்த்தார், சாப்பிடப் போய்விட்டார். பூட்டுக்கடை, பாத்திரக்கடை, நர்சரிப் பள்ளி என்று ஊரில் யாருக்கு விளம்பரப் படம் வேண்டுமென்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். அமலா டீச்சர் வீட்டுப் பெண். பி.எட். சேரச் சொன்ன அப்பாவிடம் பொம்மை வரையப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். மவுஸைப் பிடித்தால் பென்சிலைப் பிடித்த மாதிரி வரைவாள். நான் மவுஸில் வட்டம் போட்டால் அது கொடைரோட்டு உருளைக்கிழங்கு மாதிரி வரும்.

கீழ்க்கடை முதலாளி தங்கராசு ஒருநாள் மேலே வந்தார். "தம்பி, ஒரு ஆடு குதிச்சுக் குதிச்சு நம்ம கடைக்குள்ள வரணும். சந்தோசமா வரணும்."

"அது எதுக்குங்கய்யா சந்தோசமா வருது? உள்ள போனா என்னாகும்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அமலா.

"தெரியும் தாயி. தெரிஞ்சுதேன் வருது. அம்புட்டு ருசி."

ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தாள். ஆடு குதித்தது, வாலை ஆட்டியது. கடை வாசலில் மட்டும் ஒரு கணம் நின்று, திரும்பி நம்மைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. தங்கராசுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒளிபரப்பான நாலைந்து நாளில் மூச்சு வாங்க மறுபடியும் படியேறி வந்தார்.

"ஏம்மா, அது ஏன் திரும்பிப் பாக்குது? பிள்ளைக எல்லாம் அழுவுதுக. நேத்து ஒரு குடும்பமே வெறும் குஸ்காவத் தின்னுட்டுப் போகுது. அந்தப் பார்வைய எடுத்துரு."

"எடுக்க மாட்டேங்கய்யா. அத எடுத்தா அது ஆடு இல்ல, வெறும் பொம்மை."

சேனல்காரர் காதில் விழுந்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும். நான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். திரும்பிப் பார்த்த ஆடு உள்ளே போய்க் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கும்பிட்டது. பிள்ளைகள் அழுகையை நிறுத்தின. தன்னைத்தான் ஆடாக்கிவிட்டாளோ என்று தங்கராசு கொஞ்ச நாள் யோசித்தார். கூட்டம் கூடியதும் யோசிப்பதை விட்டுவிட்டார். டவுன்பஸ் கண்டக்டர்கூட, "ஆட்டுக்காரம்மா, உங்க ஸ்டாப்பு வந்துருச்சு" என்று அவளை எழுப்புவார்.

அந்தப் போன் பேச்சுக்கு அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவள் வந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணிச் செம்பட்டிக்குப் போனேன். சேனல்களுக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறாள், பிழைப்பே அதுதான். பழைய ஆட்டைப் புது சாஃப்ட்வேரில் திறந்து வைத்திருந்தாள். தலை ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம் கிடந்தன.

"கசாப்புக்கடை மாதிரி இருக்குண்ணே," என்றாள். சிரிக்கவில்லை. "என் கை அதுலயே பழகிருச்சு. இனி எங்கிட்டுப் போயி முதல்ல இருந்து கத்துக்கிறது?"

புதியதில் நாலு கால் மிருகம் என்று சொன்னால் போதும், தானாகவே நடக்கும். நடந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கேயும் நிற்காமல் நேராகக் கடைக்குள் போய்விட்டது. அமலா அதை அழித்துவிட்டுக் காதிலிருந்து ஆரம்பித்தாள். முணுமுணுத்தாள், திட்டினாள், இடையில் எழுந்து போய் அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைக் கிண்டிவிட்டு வந்தாள். பொழுது சாயும்போது ஆடு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. பழைய பார்வை இல்லை. கொஞ்சம் வயதாகியிருந்தது.

"இருக்கட்டும்ணே. எனக்குந்தேன் வயசாகுது," என்று சொல்லி, படத்தை வீடியோவாக மாற்றும் பொத்தானை அழுத்தினாள். நான் பழக்க தோஷத்தில் செருப்பைத் தேடினேன். "எங்க போறீங்க? முடிஞ்சிருச்சு," என்றாள்.

அந்தக் காலத்தில் பொத்தானை அழுத்திவிட்டால் பெட்டி முனகிக்கொண்டே கிடக்கும். நாங்கள் மொட்டைமாடிக்குப் போய், மலைக்கோட்டையைப் பார்த்தபடி கதை பேசுவோம். அமலா இந்தச் செம்பட்டி மாப்பிள்ளையை முதலில் வேண்டாம் என்றதும், தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து அழுததும், அப்புறம் அவர் நல்ல மாதிரிதான் என்று தானே சமாதானமாகிச் சரி என்றதும் அப்படி ஒரு காத்திருப்பில்தான். இறங்கி வந்து பார்த்தால் படம் பாதிதான் ஆகியிருந்தது.

இப்போது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் யாரும் ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்றுகூடச் சொல்லி முடிக்க முடியாது.