‘வாய் திறக்கவில்லை’ என்று எழுதும் முன்

செய்தி வந்தபோது நான் பள்ளியில் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார். வெளியே அப்பா பைக்கை அணைக்காமல் நின்றிருந்தார். “மலரு போயிட்டாம்மா” என்றார். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேரும்வரை அவர் பைக்கை எங்கும் நிறுத்தவில்லை.

டெங்குக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்துவிட்டார் என்றார்கள். தனி அறையில் காய்ச்சலோடு கிடந்தவரை யார் அழைத்து வந்திருக்க வேண்டும் என்று மட்டும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மலர்க்கொடி என் அப்பாவின் தங்கை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தார். இந்த இணையதளத்துக்காக, அரசியல்வாதிகளைப் பற்றிப் பரவும் செய்திகள் உண்மையா என்று சரிபார்த்து எழுதினார். சாதிச் சண்டையோ ஆலைக் கழிவோ, எந்தப் பிரச்சினை கிளம்பினாலும் யாராவது ஒருவருடைய படத்தைப் போட்டு ‘இவர் ஏன் வாய் திறக்கவில்லை?’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். அவர் உண்மையிலேயே வாய் திறக்கவில்லையா என்று பார்ப்பதுதான் அத்தையின் வேலை.

“பேசுனாருன்னு காட்ட ஒரு வீடியோ போதும் அண்ணி. பேசலன்னு எழுதணும்னா அவரு பேசுனது மொத்தத்தையும் நான் கேட்டிருக்கணும். என்ன பொழப்பு பாருங்க” என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவ்வளவு கவனமாக இருந்தும் ஒருமுறை தவறினார். அண்ணாகிராமம் பக்கத்தில் ஓர் ஊரில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு. அந்தப் பகுதித் தலைவர் ஒருவர் அதைப் பற்றி எங்குமே பேசவில்லை என்று எழுதிவிட்டார். மறுநாள் ஒருவர் போன் செய்து, “எங்க வூட்டு கல்யாணத்துல பேசுனாரும்மா. பந்தியில சோறு ஆறிப்போற வரைக்கும் பேசுனாரு” என்றாராம். எங்கள் பக்கத்தில் தலைவர்கள் வாழ்த்த வருவதாகச் சொல்லிக் கல்யாண மேடையில் மைக்கைப் பிடிப்பார்கள். மணமக்களை விட்டுவிட்டு நாட்டு நடப்பு முழுவதையும் பேசிவிட்டுத்தான் இறங்குவார்கள். அது அத்தைக்குத் தெரியாதா என்ன? கல்யாணத்தைக் கூட்டமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். ‘நான் எழுதியது தவறு’ என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே தன் பெயரைப் போட்டுத் திருத்தம் எழுதினார்.

அதன் பிறகு கல்யாண வீடியோக்காரர்களைத் தேடிப்போக ஆரம்பித்தார். அந்தந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வாழ்த்துரைகளை மட்டும் உட்கார்ந்து கேட்பார். கடலூரில் வீடியோ எடுக்கும் சலீம் பாய் அவரைக் கிண்டல் செய்வார். “எல்லாரும் பொண்ணு மாப்ளைய பாக்கத்தான் வருவாங்க. வாழ்த்துரைய கேக்க வர்ற ஒரே ஆளு நீங்கதான்க்கா. எனக்கே அதக் கேட்டா தூக்கம் வரும்.”

போன மழைக்காலத்தில் கடற்கரைப் பக்கத்து ஆலை ஒன்றில் வாயு கசிந்தது. குப்பத்துப் பிள்ளைகள் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். என் அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எங்கள் எம்.எல்.ஏ. வேறு கட்சி. ‘பிள்ளைகள் துடிக்கின்றன, எம்.எல்.ஏ. வாய் திறக்கவில்லை’ என்று அப்பாவின் கட்சிக்காரர்கள் பரப்பினார்கள். அப்பாவும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார்.

அத்தை தேடினார். அந்த வாரம் திருவந்திபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் மேடை ஏறியிருந்தார்கள். சலீம் பாய் எடுத்த பதிவில் அந்த எம்.எல்.ஏ., ஆலையை மூடவேண்டும் என்று தெளிவாகப் பேசியிருந்தார். அவருக்கு முன் பேசியவர் அப்பாவின் மாவட்டத் தலைவர். அவர் திருக்குறள் சொன்னார், மாப்பிள்ளையின் தாத்தாவைப் புகழ்ந்தார், இறங்கிவிட்டார். அத்தை அவருடைய மற்ற கூட்டங்கள், பேட்டிகள் எல்லாவற்றையும் கேட்டார். ஆலை என்ற சொல்லே எங்கும் இல்லை. அவருக்கே போன் செய்து விளக்கம் கேட்டார். பதில் வரவில்லை. எம்.எல்.ஏ. பேசியிருக்கிறார், பேசாதவர் மாவட்டத் தலைவர் என்று இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினார்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா உட்காரச் சொல்லவில்லை.

“அந்தாளுக்கு நீ வக்காலத்து வாங்குற. எம் மூஞ்சில கரியப் பூசிட்ட.”

“அவரு பேசிருக்காருண்ணே. பேசுனவர பேசலன்னு எப்படி எழுதறது?”

“எங்க தலைவர இழுத்தியே, அது?”

“அவரு பேசுனது ஒண்ணே ஒண்ணு காட்டு. இப்பயே இங்கயே ஒக்காந்து திருத்திடறேன்.”

அப்பா வாசலைத்தான் காட்டினார். “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்றார். அம்மா அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். அத்தை வரவில்லை, அதன் பிறகு.

எம்.எல்.ஏ.வின் ஆட்கள் கட்டுரையில் தங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் வெட்டிப் பரப்பினார்கள். வேறொரு விஷயத்தில் அவரும் பேசவில்லை என்று அத்தை எழுதியபோது அவர்களும் திட்டினார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் திட்ட என்னென்ன சொற்கள் உண்டோ அத்தனையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் குழுவிலும் வந்தன. சித்தப்பா, மாமா எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முனை மண்டபத்தில் அத்தைக்குப் படத்திறப்பு. திறந்துவைக்கப் போகிறவர் அதே மாவட்டத் தலைவர். ‘உண்மைக்காக வாழ்ந்த எங்கள் குடும்ப விளக்கு’ என்று பேனர் கட்டியாகிவிட்டது. பள்ளியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் அஞ்சலியுரை படிக்கும் வேலை எனக்கு. கட்சி ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தையின் சோதனைக் காலத்தில் தலைவரும் குடும்பமும் அரணாக நின்றார்கள் என்று அதில் இருக்கிறது.

குடும்பத்தில் யாராவது ஒரு கட்டுரை தாருங்கள் என்று இந்த இணையதளத்திலிருந்து அப்பாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார்கள். அவர் பதில் போடவில்லை. அதனால் எல்லோரும் தூங்கியபிறகு நான் எழுதி அனுப்புகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படித்ததும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். அவர் இருமினால்கூடப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். யாரும் அரணாக நிற்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை பார்த்துவிட்டேன், ஒருவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை நான் படிக்கப்போவதில்லை. அவர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

படம் இன்று சாயங்காலம் ஸ்டூடியோவிலிருந்து வந்துவிட்டது. கூடத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். முகம் அத்தையுடையதுதான். கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் மாற்றிக் கட்சிக்கரை போட்ட சேலை உடுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒரு சேலையை அவர் கையால்கூடத் தொட்டதில்லை. சந்தனப் பொட்டும் மாலையும் ஞாயிறு காலையில் வைப்பார்கள்.

அந்தப் படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். போய் வாருங்கள், அத்தை.