ராகுகாலத்தில் திறக்கக் கூடாத பானெட்

மோட்டார் மெக்கானிக் தொழிலில் புகையைக்கூடத் தாங்கிவிடலாம். வண்டிச் சொந்தக்காரரைத் தாங்குவதுதான் கஷ்டம். ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்துப்போன சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். யுத்த காலத்தில் பெரம்பலூரில் நான் ஷெட் வைத்திருந்தபோது, அரும்பாவூர் மிராசுதார் ஒருவரின் அரதப்பழசான கார் என் தலையில் வந்து விழுந்தது.

ஈரத் துண்டு

சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மிராசுதார் என்னையும் ஏற்றிக்கொண்டார். மெக்கானிக் இல்லாமல் அந்த வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். பதினொன்றரை மணிக்கு நடுரோட்டில் நின்றுவிட்டது. வெயில் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகியிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் என் துண்டை நனைத்து நனைத்து அரைமணி நேரம் குழாயைச் சுற்றினேன். பன்னிரண்டுக்குக் கிளம்பியது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாத்தியா, ராகுகாலம் முடிஞ்சுது, வண்டி தானா கெளம்பிடுச்சு!"

ஒண்ணரை மணி

அந்த மார்கழியில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். எப்போது வலி வந்தாலும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். புதன்கிழமை பதினோரு மணிக்கு அரும்பாவூர் போய்ச் சேர்ந்தேன். ராகுகாலம் வரப்போகிறது, ஒன்றரைக்கு மேல்தான் பானெட்டைத் திறக்க வேண்டும் என்றார்.

நடுப்பகல் சூட்டில் டியூன் செய்தால் பெட்ரோலைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். பச்சைமலை அடிவாரத்து விடியற்குளிரில் அது போதாது. குளிரில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் கம்பியோ அறுந்து கிடந்தது. யுத்தத்தில் சாமான் எங்கே கிடைக்கிறது? "நாளைக்கு விடியக்காலைல, குளிர்லயே பாத்துடறேங்க" என்று கெஞ்சினேன்.

"வியாழக்கிழமை காலைல எமகண்டம். வெயிலு, குளிரெல்லாம் மனுஷனுக்குப்பா. இரும்புக்கு நேரந்தான் முக்கியம்!"

எமகண்டம்

ஒன்றரைக்கு மேல் திறந்து, அந்தச் சூட்டிலேயே டியூன் செய்து முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டதால் அங்கேயே தங்கினேன். மறுநாள் ஆறு மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினேன். இன்ஜின் இருமி இருமி அணைந்தது. உள்ளே ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். பெட்ரோல் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். ஆனால் மிராசுதார் இரண்டு கையையும் விரித்துப் பானெட்டை மறித்து நிற்கிறார். எமகண்டம் முடிய ஏழரை ஆகும், அதுவரை தொடாதே என்கிறார். பின்சீட்டிலிருந்து மகள் கத்தினாள்:

"அப்பா! எமகண்டத்துல எனக்கு வலி வரலாம், வண்டி கெளம்பக் கூடாதா? நவுருங்க!"

அவர் நகர்ந்தார், நான் திருகைத் தளர்த்தினேன், திருச்சியில் பேத்தி சுகமாகப் பிறந்தாள். ஆனால் அதன் பிறகு அந்த வண்டி எங்கே நின்றாலும், எமகண்டத்தில் நான் கை வைத்ததுதான் காரணமாம்.