பேர் சொன்னால் வரும் ஆடு

என் தகப்பனார் பஞ்சாங்கத்தின் ஓரங்களில் குறிப்பு எழுதும் வழக்கமுள்ளவர். சாதாரண வருஷம், கொல்லம் 1086, தை 9-க்கு நேராக அவர் எழுதியிருப்பது இது: 'ராதாபுரம் அண்ணன் வந்தார். வண்டி வெறுமையாய்த் திரும்பிற்று.' அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வண்டியை வெறுமையாய் அனுப்பியவள் நானே என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது பெரிய தாத்தாவை ஏற்றிச் செல்ல. அவர் என் தாத்தாவின் அண்ணன். சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். இரண்டு வருஷமாக அவருக்கு நினைவு நழுவிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கை காயுமுன் சோறு கேட்பார். ஆற்றுக்குப் போனால் திரும்பும் வழி தெரியாமல் நிற்பார். தெற்கே ஒரு கோயிலில் புத்தி பிசகியவர்களைத் தூணில் கட்டிவைத்துக் குணப்படுத்துகிறார்கள் என்று யாரோ சொல்ல, அவருடைய மகனான ராதாபுரம் பெரியப்பா அங்கே கொண்டுபோகத் தீர்மானித்துவிட்டார்.

அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. தினமும் அடுப்பு வேலை ஒழிந்ததும் அவள் கூடத்தில் சுண்ணாம்பால் ஆடு புலி ஆட்டக் கட்டம் வரைந்து பெரிய தாத்தாவை உட்காரவைப்பாள். புலிகள் மூன்று கூழாங்கற்கள். ஆடுகளோ பதினைந்தும் பதினைந்து விதம். ஒவ்வொன்றும் குடும்பத்தில் ஒருவர். சோழி என் அப்பா. உடைந்த வளையல் துண்டு நான். பனங்கொட்டைச் சில்லு ராதாபுரம் பெரியப்பா. பேரைச் சொல்லித்தான் ஆட்டை வைக்கவேண்டும்.

வண்டி வந்த அன்றும் பெரிய தாத்தா கட்டத்தின் முன்னால்தான் இருந்தார்.

"அப்பா, என்னைத் தெரியுதா?" என்றார் பெரியப்பா.

பெரிய தாத்தா ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு அண்ணாச்சி? உக்காரும், ஒரு ஆட்டம் போடுவோம்."

"பாத்தியாடே? பெத்த புள்ளைய அண்ணாச்சிங்காரு!" பெரியப்பா என் அப்பாவிடம் திரும்பினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒரு ஆட்டம் ஆடிட்டுக் கூட்டிட்டுப் போங்க, அத்தான்."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த பெரியப்பாவின் புலி, முதலில் வளையல் துண்டை வெட்டியது. பெரிய தாத்தா என் பேரைச் சொல்லி அதை எடுத்து மறுபடி கட்டத்தில் வைத்தார்.

"வெட்டுன ஆடு எங்கனயாவது திரும்பி வருமா? இதுக்குத்தான சொல்லுதேன், எல்லாம் மறந்துபோச்சுன்னு!"

எனக்குப் பொறுக்கவில்லை. "பேரைச் சொன்னா வரும் பெரியப்பா, அதான் சட்டம். ஆடத் தெரியாம வந்துட்டு தாத்தாவைக் குத்தம் சொல்லுதீய!"

"ஏட்டி, வாய மூடு!" என்று அப்பா அதட்டினார்.

பெரியப்பா கோபிக்கவில்லை. "இங்கன இப்படித்தானா?" என்று கதவுப் பக்கம் கேட்டார்.

"ஆமா, அத்தான்."

ஆட்டம் நடந்தது. அடுத்து வெட்டுப்பட்டது பனங்கொட்டைச் சில்லு. பெரிய தாத்தா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பேர் வரவில்லை. நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். கதவிடுக்கில் அம்மா தலையசைத்துத் தடுத்தாள். வாசலில் வண்டிக்காரன் மாட்டை அதட்டினான்.

கடைசியில் வந்தது, முழுப்பேரும். "எம் மவன். ராதாபுரத்துல இருக்கான். இவனைப் புலிகிட்ட விட்டுறப்படாது வே" என்று எதிரே இருந்தவரிடமே சொல்லி, சில்லை மற்ற ஆடுகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தார்.

பெரியப்பா எழுந்து முகம் கழுவப் போனார். திரும்பி வந்து, "அப்பா இங்கனயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

சட்டம் பேசிப் பெரியப்பாவை ஜெயித்த கதையை ஒரு மாதம் படித்துறையில் சொல்லித் திரிந்தேன்.

கல்யாணமாகிப் போன வீட்டில், வெட்டுப்பட்ட ஆட்டை நான் பேர் சொல்லி அழைத்தபோது நாத்தனார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லையாம். ஊருக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். பெரிய தாத்தா மறதியில் முதன்முறை ஆட்டைத் திருப்பி வைத்த அன்று, "வைங்க மாமா, ஆனா பேரைச் சொல்லிட்டு வைங்க" என்றாளாம். என் சட்டம் பிறந்தது அன்றுதான். என் பெருமை முழுவதையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

பெரியப்பாவுக்குச் சிறுவயதில் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவரே பெரிய தாத்தாதான் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ராதாபுரம் வீட்டில் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் வெட்டுப்பட்ட ஆட்டைப் பேர் சொல்லித்தான் திரும்ப அழைக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னார். நேரில் போய்ப் பார்த்து நான் இன்னும் உறுதிசெய்துகொள்ளவில்லை.