ஸ்கூட்டருக்கும் அதே வளைவு

என் வீட்டுக்காரர் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறவர். தள்ளுவண்டி, ஆட்டோ, நடுரோட்டில் ஃபோன் பேசும் மகராசன்கள் என்று நெரியும் நகரத் தெருவில் அந்த மலையை ஒரு கீறல் விழாமல் ஓட்டி வந்துவிடுவார். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலது பக்கம் நன்றாக ஒதுங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடுமாம்.

சரி, லாரிக்கு அது நியாயம். வீட்டுக்குள் எதற்கு? கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்கும் எதிர்ச்சுவர் வரை போய்த்தான் வளைவார். கையில் இருப்பது ஒரு டம்ளர்.

நேற்று பல் டாக்டரிடம் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். இடது பக்கச் சந்தில் நுழைய வேண்டும். மனுஷன் வலது ஓரத்துக்கே போய்விட்டார். பின்னால் வந்த லாரி கிறீச்சென்று நின்றது.

அதன் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், ஸ்கூட்டருக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய வளைவு?" என்று கத்தினார்.

இவர் அசரவே இல்லை. "பின்னாடி லோடு இருக்குண்ணே!"

பின்னால் இருந்தது நான்தான். சுருக்கென்றது. இறங்கிவிட்டேன்.

"லோடு இறங்கியாச்சு. காலி வண்டியை நேரா ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உட்கார்ந்தபடியே ஸ்கூட்டரைக் காலால் உந்திக்கொண்டு கூடவே வந்து, "ஏறும்மா, ஏறு" என்று கெஞ்சினார். பல்வலி வேறு. ஏறிக்கொண்டேன்.

உடனே கிளம்பினாரா? ஸ்டாண்டு போட்டு இறங்கி, சக்கரத்தில் சிக்காதபடி என் துப்பட்டாவைச் சுருட்டி முடிந்து, தார்ப்பாய்க் கயிற்றைப்போல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.