செகண்டுக்கு ஆயிரம் தடவை

மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அந்தச் சேட்டன், யாருடைய மவுஸையும் தன் முண்டு நுனியில் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை வைப்பின் தீவு நண்பர்களோடு எனக்கு கேம் போட்டி இருந்தது. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்ததால் அவரைக் கூப்பிட்டேன்.

“இது செகண்டுக்கு நூத்தி இருபத்தஞ்சு தடவதான் எங்க இருக்கேன்னு சொல்லுது மோனே. ஆயிரமாக்கிடலாம்.”

மவுஸை இயக்கும் நிரலைக் கழற்றும் கட்டளையைத் தட்டினார். கீபோர்டையும் இயக்குவது அதே நிரல்தான்; மவுஸோடு அதுவும் செத்துப்போனது. புதிய வேகத்தோடு அதைத் திரும்ப மாட்டும் கட்டளையைத் தட்ட வழியில்லை.

“திரும்பக் கூப்பிட வேண்டிய ஆளையும் சேத்து அனுப்பிட்டேன்” என்று சிரித்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, இம்முறை இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் எழுதினார். மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இப்போது நானும் மவுஸை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் விளையாட உட்காருகிறேன். இன்னும் தோற்கிறேன். மவுஸைக் குறை சொல்லத்தான் அவர் வழி வைக்கவில்லை.