புளி போட்டுத் தேய்த்த நீராவி எஞ்சின்

விழுப்புரத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் விட்டுப்போன முழநீளப் பித்தளை எஞ்சின் ஒன்று, திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்தது. நிஜமாகவே நீராவியில் ஓடும். அதை மதிப்பிட ஒருவர் வருவதாக மகள் சொன்னாள். கறுத்துக் கிடக்கிறதே என்று முதல் நாளே புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

மதிப்பிட வந்தவர் அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தார். “சீமை வேலைதாம்மா. ஆனா அந்தக் கறுப்புக்குத்தான் விலையே. எதால தேய்ச்சீங்க?”

வெட்கத்தில், “வெறுந்துணியாலதாங்க” என்றேன்.

“சரி, ஓடுதான்னு பாத்துட்டு விலை சொல்றேன்” என்று தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். உள்ளே தண்ணீர் கொதித்தது. அதிக ஆவியை வெளியேற்றும் மேல் ஓட்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. எஞ்சின் நடுங்கியது. முந்தின நாள் அந்த ஓட்டைமேலும் புளியை அழுத்தித் தேய்த்தது நினைவுக்கு வந்தது.

மகள் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். “இன்னாம்மா, இப்டி உறுமிக்கினு இருக்குது?”

“புளிங்க! புளி போட்டேங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் விளக்கை அணைத்து எங்களை வெளியே தள்ளினார். ஆறியபின் ஊசியால் குத்த, ஓட்டையிலிருந்து காய்ந்த புளிநார் வந்தது.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்மா.”

இப்போதெல்லாம் கேட்டவரிடம் வெட்கப்பட்டு எதையும் மறைப்பதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில், “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார். மகள் முறைத்தாள். சாப்பிட்டதை அப்படியே சொல்லிவிட்டேன்.